ரோகிணிக்கும் வேடனுக்கும் நடுவே ஓர் அம்பு

கொடைக்கானல்,
மார்கழி 25

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டு உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. ராத்திரி வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. புராணக் கதை எல்லாமே வானியல்தானா என்று கேட்டிருந்தாய். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது. கதை சொன்னவரே வானத்தைக் கைகாட்டியிருந்தால்தான் ஒப்புக்கொள்வேன்.

ஐதரேய பிராமணம் என்ற வேத நூலில் அப்படி ஒன்று இருக்கிறது. பிரஜாபதி கலைமானாகித் தன் மகளையே துரத்துகிறார். அவள் செம்மானாகி ஓடுகிறாள். தேவர்கள் ஏவிய ருத்திரன் அம்பு விடுகிறார். உடனே நூலே பெயரும் சொல்லிவிடுகிறது: அடிபட்டவர் மிருகம், எய்தவர் மிருகவியாதர், அதாவது வேடன், மகள் ரோகிணி, அம்பு மூன்று துண்டு கொண்டது.

இந்த வாரமே அளந்து பார். ராத்திரி பத்து மணிக்கு எல்லாமே நல்ல உயரத்தில் இருக்கும். கையை நீட்டிப் பிடித்தால் முஷ்டி 10 பாகை, நடு மூன்று விரல் 5 பாகை. ஓரியன் கூட்டத்தின் நடுவே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்தான் அம்பு. மொத்த நீளம் 3 பாகைக்கும் குறைவு. அதன் நடு மீனிலிருந்து சிவந்த ரோகிணி சுமார் 23 பாகை. எதிர்ப்பக்கம் பளீரென்று எரியும் வேடனும் (சிரியஸ்) ஏறக்குறைய அதே 23. ஆனால் அம்பின் கோட்டை நீட்டினால் ரோகிணிமேல் விழாது, மூன்று விரல் தள்ளிப் போகும். வேடன் பக்கம் விலகல் அதில் பாதிதான். வெறுங்கண்ணால் பார்த்துக் கதை கட்டியவர்களுக்கு இது தாராளம். நம் திருவாதிரையும் இதே கூட்டத்தில்தான் சிவந்து நிற்கிறது. அதற்கும் தேவதை ருத்திரனே.

இப்படி வானத்தை வைத்து நூலின் காலம் கணிக்கப் போனால்தான் வம்பு. கார்த்திகை மீன்கூட்டம் கிழக்கை விட்டு விலகுவதில்லை என்கிறது சதபத பிராமணம் என்ற இன்னொரு வேத நூல். மீன் எழும் திசை காலப்போக்கில் மாறும் என்பதால், அதை வைத்து வானியல் வரலாற்று ஆய்வாளர் சங்கர் பாலகிருஷ்ண தீட்சித் ஏறக்குறைய கி.மு. 3000 என்று கணக்கிட்டார். கணக்கில் பிழையில்லை. ஆனால் மீன் தொடுவானத்திலேயே கண்ணில் பட்டால்தான் அது பொருந்தும். கார்த்திகையோ மங்கல், புழுதி படர்ந்த சமவெளியில் 5 பாகையாவது ஏறினால்தான் தெரியும். குருட்சேத்திரம் இருக்கும் 30 பாகை அட்சரேகையில் நட்சத்திரம் சாய்ந்து எழுவதால், அதற்குள் 3 பாகை தெற்கே நகர்ந்துவிடும். இது ஒன்றாலேயே காலம் 500 ஆண்டுக்குப் பக்கமாகப் பிந்திப் போகும்.

பூமியின் அச்சு மெல்லத் திரும்பிக்கொண்டே இருப்பதால், முருகனை வளர்த்த அந்த அறுவர் இன்று இங்கே கிழக்கிலிருந்து இரண்டரை முஷ்டி வடக்கே தள்ளி எழுகிறார்கள். நம் அட்சரேகை 10 பாகைதான், ஏறக்குறைய செங்குத்தாக எழுவார்கள். 5 பாகை ஏறினாலும் 1 பாகைகூட நகர மாட்டார்கள்.

ஆவணிக் கடைசியில் ராத்திரி பத்து மணிக்குமேல் கார்த்திகை எழும். உங்கள் தஞ்சாவூர் வெளியில் எத்தனை விரல் உயரத்தில் முதலில் தெரிகிறது என்று பார்த்து எழுது. நானும் மலையிலிருந்து பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்