தம்பிக்கு, மீம் விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப, "பிள்ளைக்கு மீம் அனுப்பாதடா"ன்னு உன்கிட்ட சண்டை போட்டேன். நீயும் ரோஷத்துல நிறுத்திட்ட. திரும்ப அனுப்பு. காரணத்தைச் சொல்றேன், உடனே அம்மாவுக்குப் போன் போட்டு "அக்கா தோத்துட்டா"ன்னு ஊதிடாத.

இங்க பெங்களூர்ல இவனுக்கு ஸ்கூல்ல இங்கிலீஷ், கன்னடம், இந்தி. தமிழ் வீட்ல பேசுறதோட சரி. நான் வாங்கித் தந்த அரிச்சுவடி பாதியிலயே கிடக்கு. எட்டு வயசுப் பையனுக்கு அணில் மேல என்ன ஆசை இருக்கும்? ஆனா நீ அனுப்புன வடிவேலு படத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியாட்டா அவனுக்குச் சோறு இறங்காது. முகத்தைப் பாத்தே முதல்ல சிரிச்சுடுவான், அப்புறம் "படிச்சுக் காட்டும்மா".

ஒரு நாள் நான் ஆபீஸ் கால்ல இருந்தேன். இருடான்னு கையைக் காட்டினேன். இருக்கல. விரலை வெச்சு "தே... வை... யில்... லாத" வரைக்கும் தானே வந்துட்டான். அடுத்த சொல்லுல முட்டிக்கிட்டு நின்னான். மியூட் போட்டுட்டு "ஆணி"ன்னேன். "அப்படின்னா?" "மொளெ"ன்னேன். கன்னடத்துல சொன்னாத்தான் புரியுது, அந்த வயித்தெரிச்சல் தனி.

எனக்கு அப்பத்தான் உறைச்சுது. பாடப்புத்தகத்துல "பிடுங்குகிறாய்"னு இருக்கும். நம்ம வீட்ல யாருடா அப்படிப் பேசுறாங்க? மீம்ல "புடுங்குற"ன்னே இருக்கு. காதுல விழுந்த சொல்லு அப்படியே கண்ணுல படுது. கன்னடத்துல நாலு 'க' இருக்கறதால, தமிழ் எழுத்தைக் காட்டினாலே "இது எந்தக் க?"ம்பான். தெரிஞ்ச வசனம்னா அந்தக் கேள்வியே வர்றதில்ல.

ஆணின்னதும் சுத்தியல் கதையும் சொல்ல வேண்டியதாப் போச்சு. அந்த ஆணி வசனம் வர்ற 'ப்ரெண்ட்ஸ்' படம் வந்தது 2001ல. அதுல காண்ட்ராக்டர் நேசமணியா வர்ற வடிவேலு தலையில சுத்தியல் விழும். 2019 மே மாசம் பேஸ்புக்ல யாரோ சுத்தியல் படத்தைப் போட்டு உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருன்னு கேக்க, நம்மாளு ஒருத்தர் பேரைச் சொன்னதோட நிக்காம, ஜமீன் வீட்ல காண்ட்ராக்டர் நேசமணி மண்டையை உடைச்சது இதுதான்னு எழுதி வெச்சார். மே 29ஆம் தேதி ட்விட்டர்ல உலக அளவுல நேசமணிக்குப் பிரார்த்தனை! மறுநாள் டெல்லியில பிரதமர் பதவியேற்பு வேற. எங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்டு கன்னடக்காரர் நிஜமாவே முகம் வாடி "யாவ ஆஸ்பத்ரெ?"ன்னு கேட்டார். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல, நான் என்னத்தைச் சொல்ல!

சுத்தியல் விழுந்து பதினெட்டு வருஷம் கழிச்சு ஊரே அழுதுச்சு. இங்க பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் வள்ளுவர் சிலையும் பதினெட்டு வருஷம் மூடியே கிடந்துதான் 2009ல திறந்தாங்க. அங்க கூட்டிட்டுப் போனா, "இந்தத் தாத்தா மீம்ல வருவாரா?"ங்கறான்.

ஒரே குறை. உன் ஆளுங்களுக்கு ர, ற தெரியல. ல, ள, ழ மூணும் ஒண்ணு. இவன் அதையும் சேத்தே கத்துக்கறான். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாரு.

நேத்து அவனே ஒரு மீம் போட்டான். நான் லேப்டாப் முன்னாடி தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற போட்டோ. கீழே: "அம்மா ஆனி புடுங்குறாங்க." மூணு சுழி போட வேண்டிய இடத்துல ரெண்டு சுழி, ஒரு மாசத்தையே புடுங்கிட்டிருக்கேன். இன்னும் திருத்தல. உனக்கு அனுப்பியிருக்கேன், பாரு.

அக்கா