செயலாளரின் ஆண்டறிக்கை: நினைவாற்றல் ஆய்வில் சேரலாமா?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சிகாகோ புறநகரில் இயங்கும் நம் மூத்தோர் வட்டத்தின் பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. யோகா வகுப்பு பனிக்காலத்தில் ஆளில்லாமல் நின்று, வசந்தத்தில் மறுபடி தொடங்கியது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு அதிக நேரம் எடுத்துக்கொண்டது ஒரே விஷயம். முதுமையில் நினைவாற்றல் பற்றிய ஓர் ஆய்வில் நம்மவர்கள் சேர முடியுமா என்று ஆய்வாளர்கள் கேட்டு வந்தார்கள். ரத்தம் எடுப்பார்களாமே, பேரப்பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில் இடிக்குமே என்று செயற்குழுவில் பாதிப் பேர் நழுவினார்கள். சரி, இதே நாட்டில் நம்மைவிட வலுவான காரணத்தோடு தயங்கிய கறுப்பின மக்களின் அனுபவத்தை முதலில் படிப்போம் என்று முடிவானது. மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் அதற்கே போயின.

அமெரிக்காவில் கறுப்பின முதியவர்களுக்கு அல்சைமர் முதலான மறதி நோய்கள் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மருந்துச் சோதனைகளிலோ அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்ற அல்சைமர் மருந்தின் முக்கியச் சோதனையில் 1,795 பேர்; அதில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

இதற்கு அவர்களையே குறை சொல்வது சுலபம்; ஆனால் அவர்களின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை அரசின் சுகாதாரத் துறையே சுமார் 600 கறுப்பின ஆண்களை ஆய்வு என்ற பெயரில் கண்காணித்தது. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தவர்களுக்கு, அதைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. பழைய கதை என்று தள்ளவும் முடியாது. அமெரிக்கக் கால்பந்து லீக்கின் மூளைக் காய இழப்பீட்டில், கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள்; அதனால் அவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது கடினமானது. அந்தக் கணக்கைக் கைவிடுவதாக லீக் சொன்னது 2021-இல்தான். இதைக் கேட்டதும் கூட்டத்தில் யாரும் "ஏன் சேரவில்லை" என்று கேட்கவில்லை.

ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்திருக்கிறார்கள். நம் சிகாகோவிலேயே ரஷ் பல்கலைக்கழகம் 2004-இல் கறுப்பின முதியவர்களுக்கென்று ஓர் ஆய்வைத் தொடங்கியது; நடத்துபவர் லிசா பார்ன்ஸ். சர்ச், முதியோர் குடியிருப்பு என்று ஆட்கள் இருக்கும் இடத்துக்கே போனார்கள். ஆண்டுதோறும் செய்யும் பரிசோதனைக்கு வீட்டுக்கே வந்தார்கள். இறந்த பின் மூளையைத் தானம் தருவதை நிபந்தனையாக வைக்காமல், பல ஆண்டுகள் பழகிய பிறகு, விருப்பமிருந்தால் என்றுதான் கேட்டார்கள். என் பார்வையில் இந்த வரிசைதான் முக்கியம். முதல் சந்திப்பிலேயே மூளையைக் கேட்டால் யார் கதவைத் திறப்பார்கள்?

ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் ஆய்வாளர் ரைனா கிராஃப் நடத்திய ஆய்வு எல்லோருக்கும் ரொம்பப் பிடித்துப்போனது. கறுப்பின முதியவர்கள் மும்மூன்று பேராக, ஒருகாலத்தில் தங்களுடையதாக இருந்து இன்று வசதிபடைத்தவர்கள் குடியேறி அடையாளம் மாறிய தெருக்களில் சுமார் ஒரு மைல் நடப்பார்கள். டேப்லெட்டில் அந்தந்த இடத்தின் பழைய படங்கள் வரும். அதைப் பார்த்து ஊர்க்கதை பேசியபடியே நடை. தெருவே சோதனைக்கூடமான ஆய்வு!

இன்னொன்று, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரக் கறுப்பினத்தவரையும் நைஜீரியாவின் இபாதான் நகர யொரூபா மக்களையும் ஒப்பிட்ட ஆய்வு. அல்சைமர் புதிதாக வரும் விகிதம் இபாதானில் பாதிக்கும் குறைவு என்று 2001-இல் வெளியிட்டார்கள். இரு தரப்பும் ஆப்பிரிக்க வம்சாவளிதான்; ஆகவே நிறத்தை விட்டுவிட்டு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, வாழும் சூழல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்றார் நம் டாக்டர் உறுப்பினர்.

இவற்றை வைத்துச் செயற்குழு ஒரு வரைவைத் தயாரித்திருக்கிறது. ஒப்புதல் படிவம் தமிழிலும் வேண்டும். பரிசோதனை வீட்டிலோ நம் கூடத்திலோ நடக்க வேண்டும். முடிவுகளை நம்மிடம் நேரில் வந்து சொல்ல வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதை முதலிலேயே விளக்க வேண்டும். ஆய்வாளர்கள் முதல் மூன்றுக்கும் இன்னும் பதில் தரவில்லை. நான்காவது ஏற்கெனவே விதியில் இருக்கிறது என்கிறார்கள்.

பதில் வரும்வரை வட்டத்தின் பெயரில் யாரும் பட்டியல் கொடுக்க வேண்டாம். தனியாகச் சேர்வது அவரவர் விருப்பம். வரைவின் நகல் வாசல் மேசையில் இருக்கிறது. திருத்தம் இருந்தால் சாப்பாட்டுக்கு முன் எழுதிக் கொடுங்கள், அப்புறம் வாக்கெடுப்பு.

– செயலாளர்