ஊரைத் தூக்கி நிறுத்துவது பற்றி

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. சின்னவளுக்குத் திருப்பூரிலேயே நல்ல இடம் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நானும் வீட்டுக்காரியும் முதல் நாளே வந்து இறங்கிவிடுவோம். பந்திக்கு ஆள் பற்றாமல் போனால் நான் இருக்கிறேன். இங்கே மழை விட்டுவிட்டது, குளிர் ஆரம்பம். இங்கிலாந்தில் லிவர்பூலில் நர்ஸாக இருக்கிறாளே என் தங்கச்சி மகள், அவள் லீவில் வந்து இரண்டு வாரம் தங்கிப் போனாள்.

"நம்ம எஸ்டேட் லயத்து வரிசை வீடுங்க பக்கத்தையும் டூரிஸ்ட் இடமா மாத்தப் போறாங்களாமே, நல்லதுதானே?" என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போன, இப்போது பூட்டிக் கிடக்கும் நம் பழைய பிள்ளைக்காம்பராவை என்ன செய்யலாம் என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். இளவட்டங்கள் ஒரு திட்டத்தோடு வந்தார்கள்: கம்பியில் தொங்கிப் போகும் விளையாட்டு, படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை, நுழைவாயிலில் 'குட்டி ஸ்காட்லாந்து' என்று பெரிய வளைவு. மகளிர் குழுவினர் கேட்டது வேறு. அந்தக் கட்டடத்தில் ரொட்டியும் கட்டச்சம்பலும் தேத்தண்ணியும் விற்கும் கடை போட வேண்டும், பின்னறையில் தையல் மெஷின் வைக்க வேண்டும். நான் அந்தப் பெண்கள் பக்கம்தான் பேசினேன். பையன்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஊரிலேயே பிழைக்க வழி தேடுகிற பிள்ளைகள் அவர்கள்.

நம் அப்பாக்கள் இந்த மலைக்கு வந்ததே அரசாங்கத் திட்டத்தால்தானே. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களில் இருந்த நம் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்படி வருகிறவர்களுக்கு வேலை வேண்டுமென்று 1968இல் தமிழக அரசு தேயிலை போட ஆரம்பித்தது. 1976இல் அது டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. வந்து இறங்கித் தங்கிய மண்டபம் முகாமிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்தவர்களுக்குக் காலையில் கூடிப் பேர் போட ஒரு பிரட்டுக்களம், ஒண்ட ஒரு காம்பரா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. திட்டத்தில் குறைகள் இருந்தன, கூலி போதவில்லை. ஆனாலும் அதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் வேலை வந்தது, வேலையைச் சுற்றி ஆட்கள் தங்கினார்கள், கோயில் கட்டினார்கள், தேர் இழுத்தார்கள், இடத்துக்குத் தானாக ஒரு பெயர் விழுந்தது.

இப்போது நிலைமை உனக்கே தெரியும். நட்டம் கூடிக்கொண்டே போக, 2022இல் டான்டீ வசமிருந்த 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு ஆணை போட்டது. இந்த மலையின் பழைய சோலைக்காடு திரும்பி வந்தால் ஓடையில் தண்ணீர் நிற்கும், காட்டெருமைக்கும் யானைக்கும் போக வழி கிடைக்கும், அதை நான் மனதார விரும்புகிறேன். ஆனால் காடும் சும்மா வராது. வெளியிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியைப் பிடுங்க வேண்டும், சீகை மரத்தை வெட்ட வேண்டும், சோலை மர விதை பொறுக்கி நாற்று வளர்த்து வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்ள வேண்டும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கைகளைவிட அதற்கு யார் பொருத்தம்? அந்த வேலையை லயத்து ஆட்களுக்கே நிரந்தரமாகக் கொடுத்தால் காடும் மீளும், ஊரும் மீளும். கூட்டத்தில் இதைத்தான் அதிக நேரம் பேசினேன்.

போன மாதம் ஒரு காரியமாகக் கூடலூர் போகும்போது இந்து நகரைத் தாண்டித்தான் பஸ் போனது. 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு ஃபிலிம் கம்பெனி இருந்த இடம். ஊட்டியின் குளிரும் தூசியில்லாத காற்றும் ஃபிலிம் செய்யத் தோது என்று பார்த்துத்தான் இங்கே வைத்தார்கள். உங்கள் சித்தப்பா அந்தச் சம்பளத்தில்தானே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினார். டிஜிட்டல் வந்ததும் உலகம் முழுக்க ஃபிலிம் விழுந்தது, பெரிய ஃபிலிம் கம்பெனியான கோடாக்கே 2012இல் திவால் மனு கொடுத்தது, இங்கே 2014இல் மிச்சமிருந்தவர்களுக்கு விருப்ப ஓய்வு. ஓர் ஊரை ஒரே தொழிலில் கட்டி நிறுத்தினால் அந்தத் தொழில் போகும்போது பேக்கரி முதல் முடிதிருத்தும் கடை வரை எல்லாம் படுத்துவிடுகிறது. நம் லயத்தையும் முழுக்க டூரிஸ்ட்டை நம்பி மாற்றினால், பத்து வருஷம் கழித்து அதே கதைதான் என்பது என் பயம்.

தங்கச்சி மகள் இருக்கும் லிவர்பூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுகத் தொழில் ஓய்ந்து அந்த ஊரே வேலையில்லாமல் தவித்த காலம். 1981இல் டாக்ஸ்டெத் பகுதியில் பெரிய கலவரம். அப்போது மைக்கேல் ஹெசல்டைன் என்ற அமைச்சர் அந்த ஊரைக் கையிலெடுத்தார். பாழாய்க் கிடந்த ஆற்றோர நிலத்தைத் துப்புரவாக்கி, 1984இல் உலகத் தோட்ட விழா நடத்தினார்கள். நம் ஊட்டி மலர்க் கண்காட்சியை நினைத்துக்கொள், ஆனால் மே முதல் அக்டோபர் வரை. 30 லட்சத்துக்கும் மேல் ஜனம் வந்தது. விழா முடிந்ததும் என்ன ஆயிற்று? ஒரு பகுதியில் வீடு கட்டினார்கள். மீதி கைமாறிக் கைமாறிப் புதர் மண்டிப் பல வருஷம் கிடந்தது. 2012இல்தான் தோட்டத்தின் ஒரு பகுதியை மறுபடி திறந்தார்கள். இப்போது அங்கே நடந்துபோனால் நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் எங்கள் பெண். அந்த விழாவுக்குச் செலவான காசில் விஷம் கலந்த மண் சுத்தமானது, அது பெரிய லாபம். ஆனால் விழா முடிந்த அடுத்த திங்கட்கிழமை அந்தத் தோட்டத்தில் யாருக்கு வேலை என்பதற்குப் பதில் இல்லாமல் போனது. ஊட்டித் தாவரவியல் பூங்கா 1848இலேயே வந்துவிட்டது, மலர்க் கண்காட்சி 1896இல் பின்னால் வந்தது. வருஷம் முழுக்கத் தோட்டக்காரர்கள் இருக்கும் இடத்தில் மேலே ஒரு திருவிழா, அதனால் நிற்கிறது.

நிஜ ஸ்காட்லாந்தில் விக்டவுன் என்று ஆயிரம் பேர் மட்டுமே வாழும் சிற்றூர் இருக்கிறது. பால் தொழிற்சாலையும் விஸ்கி வடிசாலையும் மூடிய பிறகு கடைத்தெரு காலியானது. 1998இல் அதை நாட்டின் புத்தக ஊர் என்று அறிவித்தார்கள். காலிக் கடைகளில் பழைய புத்தகக் கடைகள் வந்தன, புத்தகத் திருவிழா வந்தது. பட்டம் மேலிருந்து வந்தாலும் கடையைத் திறந்து உட்கார்ந்தது அங்கேயே குடியிருந்த ஆட்களும் குடியேறி வந்தவர்களும். பையன்களிடம் இதைச் சொன்னபோது கவனமாகக் கேட்டார்கள்.

பட்டம் கிடைத்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் மலையிலேயே சாட்சி உண்டு. இலையை முறுக்கிச் செய்யும் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு 2008இல் ஊர்ப் பெயரைக் காக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இங்கே சிறு விவசாயி கொடுக்கும் கொழுந்து பெரும்பாலும் மெஷினில் நசுக்கிச் செய்யும் சிடிசி தூளாகத்தான் போகிறது. அந்தப் பெயரின் மரியாதை அவன் பச்சைத் தேயிலை விலைக்கு எட்டுவதில்லை. 1965இல் தொடங்கிய இண்ட்கோசர்வ் என்ற தேயிலைக் கூட்டுறவு தன் தொழிற்சாலைகளின் தூளைச் சொந்தப் பெயரில் பாக்கெட் போட்டு விற்பதை நான் ஆதரிப்பது அதனால்தான். அதில் வரும் லாபம் உறுப்பினர் பக்கம் திரும்ப ஒரு வழியாவது இருக்கிறது. இந்த மலையின் பழங்குடியான தோடர் பெண்களின் பூவேலைக்கு 2013இல் குறியீடு கிடைத்தபோதும் எனக்கு அதே நிம்மதி. தைப்பதும் அவர்கள், அந்தப் பெயரும் அவர்களுடையது.

டூரிஸ்ட் கூட்டம் வந்தால் போதும் என்கிறவர்களுக்கு, மலையேறும் வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் ஒன்றைக் காட்டலாம். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே மாதத்தில் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. மறுவருஷம் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000 வண்டி என்று எல்லை வைத்தார்கள். அவ்வளவு வண்டி ஏறியும் நம் லயத்துப் பிள்ளைகள் வேலைக்குக் கோவைக்கும் திருப்பூருக்கும்தானே இறங்குகிறார்கள். நீயும் அப்படி இறங்கியவன்தான்.

கடைசியில் கூட்டம் இப்படி முடிந்தது: கட்டடத்தை மகளிர் குழுவுக்கு வாடகைக்குக் கேட்டு மனு கொடுப்பது, கணக்கு எழுதுவதையும் செல்போனில் ஆர்டர் எடுப்பதையும் பையன்கள் பார்ப்பது. தொங்கு கம்பி வேண்டாம் என்று ஆகிவிட்டது. வளைவை இன்னும் முழுசாக விட்டபாடில்லை. பெயரை மட்டும் மாற்றச் சம்மதித்திருக்கிறார்கள், என்ன பெயர் என்பதில் சண்டை ஓடுகிறது. மனு என்ன ஆகுமோ, பொங்கலுக்குள் தெரியும்.

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். கடைச் சுவரில் எந்தக் குடும்பம் இலங்கையில் எந்தத் தோட்டத்திலிருந்து எந்த வருஷம் வந்தது என்று எழுதி வைக்கப் போகிறோம். உங்கள் வீட்டு விவரம் என்னிடம் அரைகுறையாகத்தான் இருக்கிறது. அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டு, தோட்டத்துப் பெயர், டிவிஷன், கங்காணி யார் என்பதெல்லாம் எழுதி வை. பாஸ்போர்ட்டில் ஒட்டிய குடும்பப் படம் உங்களிடம் இருந்ததே, அது இருந்தால் எடுத்து வை. கல்யாணத்துக்கு வரும்போது வாங்கி, நகல் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுகிறேன். தையல் மெஷின் பழையது நல்ல நிலையில் உங்கள் பக்கம் என்ன விலைக்குக் கிடைக்கும் என்றும் விசாரித்து எழுது. முதலில் இரண்டு போதும்.

அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் கூட்டாளி