வடக்கு வேரை மட்டும் எடுங்கள்

மதுரை சுற்று வட்டாரத்தில் மூலிகை பறிக்கும் அண்ணன்மார், அக்காமார், கோடாங்கிகள், நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் கீழமாசி வீதிப் பக்கம் போயிருந்தேன். நடைபாதையில் சாக்கு விரித்து ஒருவர், திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிற ஆகாச கருடன் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல் இருந்தன. தேங்காய் அளவுக் கிழங்கு இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் உள்ளங்கைக்குள் அடங்குகிற பிஞ்சு. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

நான் வெளியாள் இல்லை. நாகமலை அடிவாரத்து ஊர்தான். எங்கள் அப்பத்தா மந்திரிக்கிறவர். பிள்ளை பயந்து அழுதாலும், மாடு இரை எடுக்காவிட்டாலும் ஊர் எங்கள் திண்ணைக்குத்தான் வரும். வேருக்குப் போகிற நாளில் விடியுமுன் குளித்து, செடிக்கு மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, செடியின் சாபம் நீக்கும் சாபநிவர்த்தி மந்திரம் சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். இரும்பு படக்கூடாது. வேர் வேண்டுமென்றால் வடக்கே ஓடுகிற வேர் மட்டும், அதுவும் விரல் நீளம். மற்ற வேரை மண் போட்டு மூடித் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஒரு வேர் போனால் செடி பிழைத்துக்கொள்ளும். அடுத்த வருஷமும் அதே செடியிடம் போவார்.

"உன் உயிர் உன் உடலில் நிற்க" என்று சாபநிவர்த்தியில் ஒரு வரி வருமே, நீங்களும் சொல்லுவீர்கள். கடப்பாரையால் தூரோடு பெயர்த்த செடிக்கு அந்த வரி பலிக்குமா என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகாச கருடன் விஷயத்தில் வடக்கு வேர் என்று ஒன்று கிடையாது. கிழங்கை எடுத்தால் கொடியே போயிற்று. கோவைக்காய்க்குச் சொந்தக்காரக் கொடி அது. மழைக்குத் துளிர்த்துப் படர்ந்து காய்க்கும். கோடையில் கொடி காய்ந்துபோகும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். இப்படிப் பல வருஷம் இருந்துதான் பெருக்கிறது. வாசலில் கட்டித் தொங்கவிட்டாலும் தளிர் விடுவதைப் பார்த்துத்தான் அது வீட்டைக் காக்கும் என்று நம்புகிறோம். நானும் நம்புகிறேன். ஆனால் அந்தத் தளிர், கிழங்கு தனக்குள் சேர்த்து வைத்த நீரைச் செலவழித்து விடுவது. நீர் தீர்ந்ததும் சுருங்கிவிடும். திருஷ்டியை வாங்கிக்கொண்டது என்று சொல்லி வேறொன்று வாங்கிக் கட்டுகிறோம். மலையில் இன்னொரு குழி விழுகிறது.

கண்வலிக்கிழங்குக்கும் இதையே சொல்வேன். ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காக அதை வயலிலேயே வளர்க்கிறார்கள். அழகர்மலையிலும் சிறுமலையிலும் போய்த் தோண்ட வேண்டிய தேவை என்ன இருக்கிறது?

சரி, பிழைப்புக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நம் நிலத்தில் பரவிய செடிகளைத் தாராளமாகப் பறியுங்கள். வெட்டுக்காயப் பூண்டு, தொட்டாற்சிணுங்கி, பிரம்மதண்டு மூன்றுமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நம் வைத்தியம் அவற்றையும் சேர்த்துக்கொண்டது. தொட்டாற்சிணுங்கி இல்லாமல் வசியத் தாயத்து கட்டாத ஆட்கள் நம்மில் எத்தனை பேர்! இவற்றை வேரோடு எடுத்தாலும் காட்டுக்கு நஷ்டம் இல்லை.

ஆனால் பிரம்மதண்டு விதையை மட்டும் யாருக்கும் உள்ளுக்குக் கொடுக்காதீர்கள். பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் அதன் எண்ணெய் கலந்து, உடம்பு வீங்கி அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பார்த்தீனியத்தை மாசிபத்திரி என்று நினைத்துக் கை வைத்துவிடாதீர்கள், அரிப்பு லேசில் விடாது. அப்புறம், வைகையில் சாக்கடை கலக்கிற இடத்தில் வளர்ந்த குப்பைமேனியைப் பிள்ளைகளின் சளிக்குப் பிழிய வேண்டாம்.

கடைக்காரர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிஞ்சுக் கிழங்கு வந்தால் வாங்காதீர்கள். நீங்கள் வாங்காவிட்டால் யாரும் தோண்டப் போவதில்லை.

அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றபோது மேலூர் வட்டாரமே திரண்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தக் கூட்டத்தில் நம் ஆட்களும் நின்றார்கள். மலை வேண்டும் என்று அன்றைக்குக் குரல் கொடுத்த நாமே சாக்கோடும் கடப்பாரையோடும் மலை ஏறுவதை என்னால் தாங்க முடியவில்லை.

வாசலுக்கு ஆகாச கருடன் வேண்டுமென்றால் தொட்டியில் மண் போட்டு நிலைப்படி ஓரம் வையுங்கள். கொடியை நிலைக்கு மேலே ஏற்றிவிடலாம், சுருங்காது, வருஷா வருஷம் காய்க்கும். எங்கள் வேலியில் இரண்டு கொடி படர்ந்திருக்கிறது. பழம் சிவந்ததும் விதை எடுத்து வைக்கிறேன். ஊருக்கு வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம், காசு வேண்டாம்.

அன்புடன்,
நாகமலை அடிவாரத்திலிருந்து
உங்களில் ஒருத்தி