கயலுக்கு அந்த சீரியலைப் போட்டுக் காட்டாதே

அன்புள்ள சேகர்,

நலம்தானே? அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. அகஸ்தியா தியேட்டரை மூடிய துக்கத்திலிருந்து செல்வம் இன்னும் வெளியே வரவில்லை. தண்டையார்பேட்டையில் புதுச் செய்தி அவ்வளவுதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கயல் போன் செய்தாள். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதுகிற அந்த ராஜ்ஜியக் கதையின் ஐந்து புத்தகங்களையும் முடித்துவிட்டாளாம். "மாமா, ஆறாவது எப்போ?" என்கிறாள். நீ "அது வராது, மீதியை சீரியலில் பார்த்துக்கோ" என்று சொல்லி, இந்த லீவில் அதை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரியலின் எட்டு சீசனையும் போட்டுக் காட்டப் போகிறாயாம். வேண்டாம்டா. போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

2011 ஏப்ரலில் சீரியல் ஆரம்பித்தது, ஜூலையில் ஐந்தாம் புத்தகம் வந்தது. கல்யாண விருந்திலேயே வெட்டிச் சாய்க்கிற அந்த 'ரெட் வெட்டிங்' காட்சி வந்த ராத்திரி நாம் கதை தெரிந்து உட்கார்ந்திருந்தோம், மணி தெரியாமல் உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தை மறந்திருக்க மாட்டாய்! 2016 ஜனவரியில் ஆறாவது இன்னும் முடியவில்லை என்று மார்ட்டின் எழுதினார். ஏப்ரலில் ஆறாம் சீசன் வந்துவிட்டது. அதற்கப்புறம் நாமும் மணியும் ஒன்றுதான்.

எழுத்தாளர்களில் வரைபடம் போட்டுக் கட்டுகிறவர்கள் உண்டு, விதை போட்டுப் பார்க்கிற தோட்டக்காரர்கள் உண்டு, தான் தோட்டக்காரன் என்பார் மார்ட்டின். 2013இல் சீரியல் தயாரிப்பாளர்கள் அவர் ஊரான சாண்டா ஃபேவுக்கே போய் அவரிடம் கதை கேட்டார்கள். யார் யாருக்கு என்ன ஆகும் என்று சொன்னார். எப்படி ஆகும் என்பதை எப்படிச் சொல்வார்? எழுதினால்தானே அவருக்கே தெரியும்.

ராஜா ஸ்டானிஸின் சின்ன மகள் ஷிரீனை எடுத்துக்கொள். சீரியலில் பெற்ற மகளை எரிக்க ஸ்டானிஸ் நின்று உத்தரவு கொடுக்கிறான். அது மார்ட்டின் சொன்னதுதான் என்று தயாரிப்பாளர்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் புத்தகம் நிற்கிற இடத்தில் அவன் வின்டர்ஃபெல் கோட்டைப் பக்கம் பனியில் மாட்டிக்கொண்டிருக்கிறான், குழந்தை தூரத்தில் காஸில் பிளாக் என்ற வேறொரு கோட்டையில் இருக்கிறது. அந்த நெருப்பை யார் மூட்டுவார்கள், அப்பனுக்குத் தெரியுமா தெரியாதா? அதுதானே கதை. அப்புறம் ஏகான். ஐந்தாம் புத்தகத்தில் சிம்மாசனம் தனக்கென்று கோல்டன் கம்பெனி என்ற கூலிப்படையோடு வந்து இறங்குகிற அந்தப் பையனை சீரியலில் விட்டே விட்டார்கள். ஜனங்கள் அவனைக் கொண்டாடுகிற ஊருக்கு, அதே சிம்மாசனம் கேட்கிற டிராகன் ராணி டெனேரிஸ் வந்து சேர்ந்தால் அவள் கோபத்துக்கு ஒரு நியாயம் கிடைக்கும் என்று நான் நினைக்கிறேன். சீரியலில் ஊர் சரணடைந்து கோட்டை மணி அடித்ததும் அவள் ஊரை எரிக்கிறாள். முடிவு ஒன்றே என்றாலும் நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கல்கி 1954இல் இறந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். அது எழுதியவர் போன பிறகு. இங்கே எழுதுகிறவர் உயிரோடு இருக்கிறார், 1996இல் வெளிவரத் தொடங்கிய கதையோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த மனுஷனைத் தாண்டிப் போய் அவர் கதையின் கடைசிப் பக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஆறாவது புத்தகம் கிடைத்தாலும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நடிகரின் முகம் வந்து நிற்கும். கயலுக்கு இன்னும் அப்படி இல்லை. சேகர், அவள் அதிர்ஷ்டசாலி.

காத்திருக்கச் சொன்னால் திட்டுவாள், தெரியும். மூர் மார்க்கெட்டில் 'எ நைட் ஆஃப் தி செவன் கிங்டம்ஸ்' பழைய பிரதி கிடைத்தது. மார்ட்டின் அதே உலகத்தில் எழுதிய டங்க், எக் கதைகள் மூன்றும் இருக்கின்றன, கூரியரில் போட்டுவிட்டேன். சீரியல் பார்த்தே தீருவேன் என்றால் முதல் நாலு சீசன் காட்டு. ஐந்தாவது போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் பண்ணு, அவளிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
குமார்