'நூறு சதவீதம் பருத்தி' என்று விற்ற அடுப்புக் கையுறை குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

சென்ற மாதம் உங்களிடம் ஒரு ஜோடி சமையலறைக் கையுறை வாங்கினேன். நூறு சதவீதம் பருத்தி, ஓவனுக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருந்தது. மூன்றாவது தடவை போட்டபோதே கட்டைவிரல் பிரியும் இடத்தில் சுட்டுக் கொப்புளித்துவிட்டது. 220 டிகிரியில் இருந்த ரொட்டித் தட்டை எடுத்து மேடையில் வைப்பதற்குள் நடந்தது. ஈரத்துணி சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்திவிடும் என்று தெரியும். அதனால் நன்றாகக் காய்ந்த கையுறையைத்தான் போட்டிருந்தேன்.

நான் கரூரில் இருபது வருடமாகத் தையல் வேலை செய்பவள். மனசு கேட்காமல் கையுறையைப் பிரித்துப் பார்த்தேன். மேல்துணி பருத்திதான். உள்ளே இருந்த பஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி நெருப்பில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வந்து சாம்பலாக உதிரும். இது சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக இறுகிப்போனது. பாலியஸ்டர்! ஏறக்குறைய 250 டிகிரியில் உருகுகிற, அதற்கு முன்பே இளகி அமுங்குகிற சரக்கு. பஞ்சு உப்பலாக இருந்து உள்ளே காற்றைப் பிடித்து வைத்திருக்கிற வரைக்கும்தான் சூடு கைக்கு வராது.

அதைவிட ஆத்திரம் வந்தது வெட்டைப் பார்த்துத்தான். கட்டைவிரல் வளைவில் தடிமன் சேரக்கூடாது என்று அந்த இடத்தில் பஞ்சே வைக்கவில்லை. பாத்திரத்தின் விளிம்பு அழுந்துகிற இடமே அதுதானே? பஞ்சை வைத்துத் தைத்துவிட்டு, வளைவில் தையலை ஒட்டிச் சின்னச் சின்னதாகக் கத்தரி போட்டுத் திருப்பினால் சுருக்கம் விழாது. நீளமும் மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. ஓவன் கம்பி முழங்கைப் பக்கம் படாமல் இருக்க இன்னும் நான்கு அங்குலமாவது வேண்டும்.

எங்கள் ஊரில் தைத்த கையுறைகள் வெளிநாட்டுக்குக் கப்பலேறுகின்றன. இஎன் 407 என்கிற ஐரோப்பியத் தர அளவில், 100 டிகிரிச் சூட்டை 15 விநாடி தாங்கினால் முதல் நிலை, 250 டிகிரி என்றால் இரண்டாம் நிலை. உங்கள் கையுறையை எதில் சோதித்தீர்கள்?

பணத்தைத் திருப்பித் தாருங்கள். அப்புறம், இந்த அட்டையோடு கடைகளில் இருப்பவற்றைத் திரும்பப் பெறுங்கள். பிரித்த கையுறையின் படங்களையும் பில்லையும் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பழைய தேங்காய்ப்பூத் துண்டை மடித்து வைத்து எனக்கு நானே ஒரு ஜோடி தைத்துக்கொண்டேன். தைக்கத் தெரியாதவர்கள் உங்கள் அட்டையை நம்பித்தான் சூட்டுத் தட்டைத் தூக்குகிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கரூர்