ரக்பி லீக்: கூலி இழந்து ஆடியவர்களின் வரலாறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரக்பி பந்தாட்டத்தின் இரு வடிவங்களில் ஒன்றான ரக்பி லீக் பிறந்த கதையைச் சொல்லும்போது, பணத்துக்காக ஆட விரும்பியவர்கள் பிரிந்துபோய் அமைத்துக்கொண்ட ஆட்டம் என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில், ஹோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஊதியம் பெறாமலே தலைமுறைதோறும் ஆடிவந்த அமெச்சூர் கழகங்களுக்கு இது பெரிய அநீதி.

அது கம்பளி ஆலைகளை நம்பி வாழ்ந்த பகுதி. சனிக்கிழமை முற்பகலிலும் ஆலை ஓடியதால், அன்று வெளியூர் ஆட்டத்துக்குப் புறப்படும் தொழிலாளி கூலியை இழந்தாக வேண்டும். இழந்த கூலியை மட்டும் ஈடுகட்ட அனுமதி கோரி யார்க்‌ஷயர் கொண்டுவந்த தீர்மானத்தை, அன்று இங்கிலாந்தில் ரக்பி ஆட்டத்தை நிர்வகித்த ரக்பி யூனியன் என்ற அமைப்பின், 1893-இல் லண்டனில் கூடிய பொதுக்குழு 282-க்கு 136 என்ற வாக்குகளில் தள்ளுபடி செய்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் வடபகுதிக் கழகங்கள் கூடி, பின்னாளில் ரக்பி லீக்காக வளர்ந்த தனி அமைப்பைக் கண்டபோதும், அவை ஏற்றுக்கொண்ட ஈட்டுத்தொகை நாளொன்றுக்கு 6 ஷில்லிங்தான்.

ஹோம்ஃபர்த்தை ஒட்டிய அண்டர்பேங்க்கில் பிறந்த ஹாரல்ட் வாக்ஸ்டாஃப், அண்டர்பேங்க் ரேஞ்சர்ஸ் என்ற உள்ளூர்க் கழகத்தில் ஆடிப் பழகியவர். 1906-இல், 15 வயதில், 5 தங்கப் பவுன் பெற்றுக்கொண்டு ஹட்டர்ஸ்ஃபீல்டு அணியில் சேர்ந்தார். 1914-இல் சிட்னியில், காயங்களால் ஆட்கள் குறைந்துபோன பிரிட்டிஷ் அணிக்குத் தலைமை ஏற்று ஆஸ்திரேலியாவை 14-6 என வென்றார். அடுத்த ஆண்டு அவருடைய ஹட்டர்ஸ்ஃபீல்டு அணி அன்று வெல்லக்கூடியதாக இருந்த நான்கு கோப்பைகளையும் ஒரே பருவத்தில் கைப்பற்றியது. அவரோடு பள்ளத்தாக்கு மைதானங்களில் ஆடிய மற்றவர்கள் ஆலைக்கே திரும்பினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது தடைதான். காசே வாங்காவிட்டாலும் லீக் ஆடியவர் தொழில்முறை ஆட்டக்காரரே என்று ரக்பி யூனியன் விதி வகுத்து, போர்க்காலம் நீங்கலாக, 1987 வரை அவர்களுக்குத் தன் கதவை அடைத்தே வைத்திருந்தது. ஒரு ஷில்லிங்கூட வாங்காதவரைக் கூலிக்கு ஆடுபவர் என்று முத்திரை குத்திய இந்த விதியைத்தான் நான் மன்னிக்க முடியாததாகக் கருதுகிறேன்.

லீக் தலைமையும் இவர்களைப் பொருட்படுத்தவில்லை. தொழில்முறைக் கழகங்களிலேயே அதன் கவனம் நின்றுவிட, அமெச்சூர் ஆட்டம் தேய்ந்துகொண்டே வந்தது. அதனால்தான் 1973-இல் அதே ஹட்டர்ஸ்ஃபீல்டில் அமெச்சூர் கழகங்கள் தமக்கெனத் தனிச் சங்கம் தொடங்கின. முதலில் எதிர்த்த தலைமை, மறு ஆண்டே அதை அங்கீகரிக்க வேண்டியதாயிற்று. ஊர்க் கழகங்களில் சிறுவர் அணிகள் மீண்டும் தழைத்ததற்கு இந்தச் சங்கம் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ரக்பி லீக்கின் தோற்றத்தைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்தோடு அண்டர்பேங்க் போன்ற ஊர்க் கழகங்களின் பெயர்களையும் சேர்த்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்